காக்பிட்டுக்குக் கதவே இல்லாமல் பறக்கலாமா?

செந்தூலிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: மகன் சரக்கு விமானத்தில் துணை விமானி. காக்பிட்டுக்கு, அதாவது விமானிகள் அறைக்கு, கதவு கிடையாது, வெறும் திரைதான் என்று பேச்சுவாக்கில் சொன்னானாம். “பயணிகள் விமானத்தில் இரும்புப் பெட்டி மாதிரி பூட்டுகிறார்களே, இவன் என்ன செய்வது?”

அம்மா, விதியே அப்படித்தான். அமெரிக்காவில் நடந்த 2001 விமானத் தாக்குதலுக்குப் பிறகு ஐகாவோ என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு, 60 இருக்கைக்கு மேற்பட்ட பயணிகள் விமானங்களில் துப்பாக்கிக் குண்டு தாங்கும் கதவைக் கட்டாயமாக்கியது, 2003 நவம்பர் முதல். சரக்கு விமானம் அந்தப் பட்டியலில் இல்லை. பயணிகளே இல்லையே, யார் வந்து தாக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

அந்த நினைப்பு சரியில்லை என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். 1994 ஏப்ரலில் மெம்பிஸில் கிளம்பிய ஃபெடெக்ஸ் 705 சரக்கு விமானத்தில், கூடுதல் இருக்கையில் ஏறியவர் அதே கம்பெனி ஊழியர். கிட்டார் பெட்டிக்குள் சுத்தியல்களும் மீன் குத்தும் ஈட்டித் துப்பாக்கியும். அவர் தாக்கியதில் மண்டை உடைந்த நிலையிலும் விமானக் குழுவினர் மூன்று பேரும் போராடி விமானத்தை இறக்கினார்கள். ஆனால் யாராலும் மறுபடி விமானி வேலைக்குத் திரும்ப முடியவில்லை. 2003-இல் இன்னொருவர் மரப்பெட்டிக்குள் தன்னையே பார்சலாக்கிக்கொண்டு டாலஸுக்குப் போய்ச் சேர்ந்தார். நல்லவேளை, வீட்டுக்குப் போகும் ஆசை மட்டும்தான் அவருக்கு.

ஆக, கதவைவிட முக்கியம் ஏணிப்படி, அதில் யார் ஏறுகிறார் என்பது. ஜம்ப் சீட் என்ற அந்தக் கூடுதல் இருக்கையில் ஊழியர் வரலாம், குதிரை ஏற்றினால் பராமரிப்பாளர் வரலாம். யார் வந்தாலும் அடையாள அட்டையைக் கையில் வாங்கி, பெயரை ஆபரேஷன்ஸ் பட்டியலோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் போன் போட்டுக் கேட்கட்டும். பட்டியலில் இல்லாதவரை ஏற்ற மறுக்கும் அதிகாரம் கேப்டனுக்கு உண்டு. “நம்ம பையன்தான் பாஸ்” என்பதெல்லாம் செல்லாது. பை சோதனையும் அப்படியே, சீருடைக்காரர் என்று சலுகை வேண்டாம்.

சரக்குக் கதவு மூடுவதற்கு முன் ஒருவர் டார்ச் அடித்து மேல்தளத்தை ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். முத்திரை உடைந்த பெட்டி கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திக் கேட்பது நல்லது. தாமதமானால் ஆகட்டும்.

கதவையும் கேட்கலாம், நான் ஆதரிக்கிறேன். பொருத்தச் செலவாகும் என்று கம்பெனி இழுக்கும். 2015-இல் ஜெர்மன்விங்ஸ் பயணிகள் விமானத்தில் கேப்டன் வெளியே போனபோது துணை விமானி உள்ளே பூட்டிக்கொண்டு விமானத்தை மலையில் மோதியதையும் காட்டுவார்கள். அதற்கு விமானி வெளியே போகும்போது யார் உள்ளே இருப்பது என்ற நடைமுறை வேண்டும், அவ்வளவுதான். மகன் இதையெல்லாம் வாய்ப்பேச்சாக விடாமல் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுக்கட்டும். பதில் வராவிட்டால், அடுத்து மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்.