செரட்டோனினை அளக்கப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: மனச்சோர்வுக்காக 19 வயதான என் மகள் பத்து நாள்களாக எஸ்சிட்டலோபிராம் மாத்திரை சாப்பிடுகிறாள். மாற்றம் தெரியவில்லை. சிறுநீரில் செரட்டோனின் அளவைப் பார்த்து அதற்கேற்ற ஊட்டப்பொடி தருவதாக ஒருவர் கூறுகிறார். மாத்திரையை நிறுத்திவிட்டு அதைச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

செரட்டோனின் என்பது மூளையில் நரம்பணுக்களிடையே செய்தி சுமக்கும் வேதிப்பொருள்களில் ஒன்று. அந்தச் செய்தி கைமாறும் இடமான நரம்பிணைப்பில் ஒரு நரம்பணு அடுத்ததைத் தொடுவதில்லை. நடுவே ஏறத்தாழ 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. மின்துடிப்பு வந்ததும் முதல் நரம்பணுவின் முனையிலுள்ள நுண்பைகள் செரட்டோனினை அந்த இடைவெளியில் கொட்ட, அது எதிரே உள்ள அணுவில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் பொருந்திச் செய்தியைச் சேர்க்கிறது. பிறகு அனுப்பிய அணுவே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உங்கள் மகளின் மாத்திரை இந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. தடுப்பது சில மணி நேரத்தில் தொடங்கிவிட்டாலும், ஏற்பிகள் புதிய நிலைக்குப் பழக வாரங்கள் ஆவதாகக் கருதப்படுகிறது; பலனை நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்தே மதிப்பிட முடியும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அதைக்கூட ஒதுக்காமல் மருந்துச் சீட்டை மட்டும் நீட்டி அனுப்பும் வழக்கத்தால்தான் இடைத்தரகர்கள் வீட்டுக்குள் நுழைகிறார்கள்.

உடலிலுள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில் உருவாவது. அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் கடப்பதில்லை. ஆகவே சிறுநீரில் வரும் எண் மூளையைப் பற்றி எதுவும் கூறாது. பரிசோதிப்பவரே பொடியும் விற்கிறார் என்றால் எண் எப்போதும் குறைவாகத்தான் வரும். அத்தகைய பொடிகளில் உடலில் செரட்டோனினாக மாறும் 5-எச்டிபி இருந்தால், இந்த மாத்திரையுடன் சேர்ந்து காய்ச்சல், நடுக்கம், படபடப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

ரத்தப் பரிசோதனை உண்மையிலேயே உதவும் நரம்பிணைப்பு நோய் ஒன்று உண்டு: மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில், தசைக்குச் செய்தி சுமக்கும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினின் ஏற்பிகளை உடலின் எதிர்ப்பொருள்களே தாக்குவதால், மாலையில் இமை தொங்கும், பேச்சு குழறும். அங்கேகூட அளக்கப்படுவது அந்த எதிர்ப்பொருள்தான், அசிட்டைல்கோலின் அன்று. இமை தொங்குவதைக் கண் பலவீனம் என்று எண்ணிக் கண்ணாடிக் கடைக்கு அலையாமல் நரம்பியல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

25 வயதுக்குட்பட்டவர்களுக்கு இம்மாத்திரையின் முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். மகள் அமைதியிழந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரவானாலும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.