எரியுதா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்கு வயது 57. கல்யாணமாகி 29 ஆண்டுகள். வீடு கட்டினேன், இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தேன், மனைவியின் முழங்கால் வலிக்குக் கோவையில் நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டினேன். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. போன மாதம் ஏதோ பேச்சில் அவள், “எல்லாம் செஞ்சீங்க, ஒருநாளும் பிரியமா இருந்ததில்லை” என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. ‘அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு’ என்றுதானே வள்ளுவர் சொல்கிறார்? எலும்பு தேய உழைத்ததெல்லாம் அன்பில்லையா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் உழைத்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாதச் சம்பளத்தில் வீட்டுக்கடன் கட்டியவன் நானும். அந்தக் கஷ்டம் தெரியும்.

ஆனால் நீங்கள் சொல்வது 72ஆவது குறள். அதற்கு முந்தையதைத் தாண்டி வந்துவிட்டீர்கள். ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்.’ அன்புடைமை அதிகாரம் தொடங்குவதே இதில்தான். அன்பைத் தாழ்ப்பாள் போட்டு உள்ளே வைக்க முடியாது, கண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். எந்தக் கண்ணீர்? தாம் அன்பு வைத்தவரின் துன்பத்தைக் கண்டபோது வருவது என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. அப்படியானால் முதலில் அடுத்தவரின் வலி நம் கண்ணில் பட வேண்டும். எலும்பைக் கொடுப்பதெல்லாம் அப்புறம். வரிசையை வைத்துப் பொருள் சொல்கிறானே என்று தமிழாசிரியர்கள் கோபிக்கலாம். பரவாயில்லை.

என் அப்பா பிரியமாக நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அம்மாவைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார், “இந்தா” என்பதுதான். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது சொட்டு மருந்து விடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். இரண்டு மருந்து. ஒன்றை விட்டு ஐந்து நிமிஷம் கழித்துத்தான் அடுத்தது. தேதித்தாளின் பின்பக்கம் வேளைகளை எழுதி, விட்டதும் ஒரு கோடு போடுவார். அம்மாவின் கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியில் நூல் கோர்ப்பவர் மாதிரி நாக்கைக் கடித்துக்கொள்வார். சொட்டு விழுந்ததும், “எரியுதா?”

“இல்ல.”

“பொய் சொல்லாத.”

அப்புறம் ஐந்து நிமிஷம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். எழுந்து போய் ஒரு வேலையும் செய்ய முடியாத அளவு சின்ன இடைவெளி. வேறு வழியில்லாமல் இருவரும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது, நான் அறைக்குள் போனால் நிறுத்திவிடுவார்கள்! மருந்தை நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்லி வீடு திரும்பிய அன்று அம்மா என்னிடம் சொன்னாள்: “இன்னும் பத்து நாளைக்கு எழுதிக் குடுத்திருக்கலாம் அந்த டாக்டரு.”

கடன் கட்டும்போது யாரையும் “எரியுதா” என்று கேட்க வேண்டியதில்லை. தேதி வந்தால் கணக்கிலிருந்து பணம் தானாகப் போய்விடும். நம் தலைமுறை ஆண்கள் பலரும் வீட்டையும் அந்த மாதிரியே நடத்தினோம். தவணை ஒன்றும் தவறவில்லை. எதிரில் இருப்பவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். உங்கள் மனைவியும் “எல்லாம் செஞ்சீங்க” என்று முதலில் ஒப்புக்கொண்டுதானே பேசியிருக்கிறார்.

இதற்காக உடனே நகைக்கடைக்குப் போய் மோதிரம் வாங்கிவிடாதீர்கள். அதையும் செய்த பட்டியலில்தான் சேர்ப்பார். சினிமா பார்த்துவிட்டுக் காதல் வசனம் ஏதும் முயன்றாலும் வீட்டில் சிரித்துவிடுவார்கள், என் அனுபவம்.

அவர் அப்படிச் சொன்னதும் நீங்கள் பதிலுக்கு என்ன கேட்டீர்கள் என்று கடிதத்தில் இல்லை. இன்னொன்றும் தேடினேன். முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். வலது காலா, இடது காலா?