கூண்டிலேயே சிறுநீர் கழிக்கும் தத்து நாய்: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். உச்சிப்புளி அருகே கடற்கரையை ஒட்டிய சிற்றூரில் வசிக்கிறோம். இரண்டு மாதங்களுக்கு முன் மதுரையிலுள்ள ஒரு காப்பகத்திலிருந்து ஒன்றரை வயதுப் பெண் நாயைத் தத்து எடுத்து வந்து, ஜூலி என்று பெயர் வைத்தோம். கருத்தடை அறுவை அங்கேயே செய்துவிட்டார்கள். அதற்கு முன் குட்டி விற்பவர் ஒருவரிடம் சிமெண்டுத் தரை போட்ட கூண்டில் வளர்ந்ததாகச் சொன்னார்கள். வீட்டில் பழக்குவதற்காக, காணொளிகளைப் பார்த்து நான்கடி நீள இரும்புக் கூண்டு வாங்கினோம். இரவு ஒன்பது மணி முதல் காலை ஐந்தரை வரையும், நான் வேலைக்குப் போகும் காலை ஒன்பதரை முதல் ஒரு மணி வரையும் அதில் அடைக்கிறோம். நாள் தவறாமல் கூண்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்து, சாக்கையும் நனைத்து, அதன் மேலேயே படுத்துக் கிடக்கிறது. காலையில் கடற்கரை மணலில் அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப் போனாலும் எதுவும் செய்வதில்லை. வீடு திரும்பித் தாழ்வாரத்தில் கால் வைத்தவுடன் அங்கே உட்கார்ந்துவிடுகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் வைப்பதில்லை. எட்டு மணிக்கு எங்கள் வீட்டுச் சோறும் மீன் குழம்பும், சில நாள் கருவாடும் போடுகிறோம். ஃபினாயில் ஊற்றிக் கழுவியும் பயனில்லை. கணவர் கோபத்தில் அதன் மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்கிறார். மாமியார், திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறார். எட்டு வயது மகள் அழுகிறாள். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உச்சிப்புளி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் மணலில் அரை மணி நேரம் நடந்தும் எதுவும் செய்யாத நாய் தாழ்வாரத்துச் சிமெண்டைத் தொட்டதும் உட்காருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. ஆனாலும் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஜூலியின் சிறுநீரைச் சோதித்துவிடுங்கள். சிறுநீர்ப்பையில் தொற்று இருந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. கருத்தடை செய்த பெண் நாய்களில் சிலவற்றுக்குச் சிறுநீர்த் தாரையின் வாய்த்தசை தளர்ந்து, தூக்கத்தில் தானாகவே கசியும். அப்படிப்பட்ட நாய் விழித்தெழுந்து தன் படுக்கை நனைந்திருப்பதைத் தானே முகர்ந்து பார்த்துக் குழம்பி நிற்கும். அதற்கு மருந்து இருக்கிறது. விடியற்காலை முதல் சிறுநீரைப் பிடிப்பது கடினமில்லை. நீண்ட காம்புள்ள குழிக்கரண்டி ஒன்றைக் கொதிநீரில் கழுவி உலர்த்தி வைத்துக்கொண்டு, நாய் உட்கார்ந்த பின் ஓசையில்லாமல் பின்பக்கமாக நீட்டுங்கள். இரண்டு மேசைக்கரண்டி அளவு கிடைத்தாலே போதும். மூடியுள்ள சுத்தமான புட்டியில் ஊற்றி, வெயில் ஏறுவதற்குள் கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். மலத்தையும் சிறிதளவு கொண்டுபோனால் குடற்புழு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

சோதனையில் குறை ஒன்றும் இல்லை என்றால் கூண்டுக்கு வருவோம். பிறந்த குட்டிகளைத் தாய் நாய் நக்கி நக்கித்தான் சிறுநீர் கழிக்க வைக்கிறது. கழித்ததையும் அதுவே சுத்தம் செய்துவிடும். ஏறக்குறைய மூன்று வாரம் ஆனதும் குட்டிகள் தட்டுத் தடுமாறியாவது படுக்கையை விட்டு நகர்ந்துபோய்க் கழித்துவிட்டு வரும். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்ற இந்த இயல்பான கூச்சத்தை நம்பித்தான் கூண்டுப் பயிற்சியே ஏற்பட்டது. அந்தக் கூச்சம் உள்ள நாய்க்குக் கூண்டு உதவும். ஜூலியோ நகர்ந்து போக இடமே இல்லாத கூண்டில் வளர்ந்திருக்கிறது. வேறு வழியில்லாமல் படுத்த இடத்திலேயே கழித்துக் கழித்து அதன் கூச்சம் தேய்ந்துவிட்டது. போன கூச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஆற்றல் கூண்டுக்குக் கிடையாது. பூட்டி வைக்கும் ஒவ்வோர் இரவும் அந்தப் பழைய பாடத்தையே அதற்கு மறுபடி சொல்லிக்கொடுக்கிறது.

நான் பணியில் சேர்ந்த புதிதில், தங்கச்சிமடத்தில் ஒரு குடும்பத்துக்கு இதே நிலையில், கூண்டு பெரிதாக இருப்பதுதான் காரணம், தடுப்பு வைத்துச் சிறிதாக்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் சொன்னபடியே செய்தார்கள். பத்து நாள் கழித்து அந்த நாயைத் தூக்கி வந்தபோது அடிவயிற்றுத் தோலும் முழங்கைகளும் சிறுநீரில் ஊறிச் சிவந்து புண்ணாகியிருந்தன. நின்று திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும் கூண்டு இருக்க வேண்டும் என்பது மற்ற நாய்களுக்குச் சரியான விதிதான். கூச்சம் போன நாய்க்கு அதைச் சொன்னது என் தவறு. அந்தப் புண்கள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. ஆகவே உங்களிடம் உறுதியாகச் சொல்கிறேன்: கூண்டின் கதவை இன்றிரவு முதல் பூட்டாதீர்கள்.

கூண்டைத் தூக்கி எறிய வேண்டாம். கதவைக் கழற்றிவிட்டோ திறந்து கட்டியோ வைத்து, நனையும் சாக்கை எடுத்துவிட்டு, பகலில் ஜூலியின் சோற்றுத் தட்டை அதற்குள் வையுங்கள். உண்ணும் இடத்தை அசுத்தம் செய்ய நாய்க்கு மனம் வராது. கடற்காற்றில் கூண்டின் கம்பியும் அடித்தட்டின் ஓரமும் துருப்பிடித்து, அந்தச் சொரசொரப்பில் சிறுநீர் வாடை தங்கியிருக்கும். தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். துரு மிகுந்திருந்தால் அடித்தட்டை மாற்றிவிடுவதே நல்லது. ஃபினாயில் நம் மூக்கிலிருந்து வாடையை மறைக்குமே தவிர, நாயின் மூக்கிலிருந்து மறைக்காது. ஈரத்தை மிதித்த காலை நாய் நக்கினால் அது வயிற்றுக்குள் போய்க் கெடுதலும் செய்யும். முதலில் நிறையத் தண்ணீரும், பிறகு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்த கலவையும் ஊற்றித் துடையுங்கள். சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம் செல்லப்பிராணிப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. அது இன்னும் சிறந்தது.

இனி மணல். ஏறக்குறைய இரண்டு மாத வயதில் ஒரு குட்டி எந்தத் தரையில் கழித்துப் பழகுகிறதோ, அதையே கழிக்கத் தகுந்த இடம் என்று அதன் பாதங்கள் அறிந்துகொள்கின்றன. நம் கரையோரத் தெருநாய்களுக்குச் சிமெண்டில் உட்கார மனம் வராது. ஜூலிக்கு அது தலைகீழ். காலடியில் நெகிழும் மணல் அதற்கு வேற்றிடம். அலை ஓசை, வலை இழுப்பவர்களின் குரல், மீன் வாடை, பிற நாய்கள் என்று கடற்கரையில் அச்சமூட்டுபவை வேறு ஏராளம். அடக்கிக்கொண்டே நடந்து, வீட்டுக்கு வந்து, தனக்குத் தெரிந்த தரையைக் கண்டதும் நிம்மதியாக உட்காருகிறது. உங்கள் வீட்டார் நினைப்பதுபோல் இதில் அடமோ பழிவாங்கலோ கிடையாது; அதற்குத் தெரிந்த வரையில் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறது.

ஆகவே மணலுக்குச் சிமெண்டைக் கொண்டுபோங்கள். கொல்லையில் வேலி ஓரமாக, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் பழைய சிமெண்ட் சிலாப் இரண்டை அருகருகே போட்டு, ஜூலியின் சிறுநீரில் நனைந்த துணியை அதன் மேல் ஒரு முறை ஒற்றியெடுங்கள். வாரில் பிடித்து நேராக அங்கே கூட்டிப்போய், நடக்காமல், பேசாமல், அதன் கண்ணைப் பார்க்காமல் பத்து நிமிடம் நில்லுங்கள். உட்கார்ந்து கழித்து முடித்த அந்த நொடியிலேயே, அங்கேயே, வேகவைத்த முட்டையில் விரல்நுனி அளவு கொடுத்து ஒரு வார்த்தை அன்பாகச் சொல்லுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் கூலி என்று அது எடுத்துக்கொள்ளும். சிலாப்பில் தயங்காமல் போகத் தொடங்கியதும், ஒரு வாரம் அதன் மேல் ஒரு பிடி மணலைத் தூவுங்கள். அடுத்த வாரம் இரண்டு பிடி. சிலாப் மணலுக்குள் மறையும் அளவுக்கு மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போங்கள். முன்பு ஒரு நாய்க்கு இதற்கு ஐந்து வாரம் பிடித்தது. ஆறாவது வாரம் அது மணலைக் காலால் கிளறிவிட்டு உட்கார்ந்ததைப் பார்த்த அந்த வீட்டுப் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடற்கரை நடை, கழித்த பிறகு கிடைக்கும் பரிசாக இருக்கட்டும். கழித்தவுடன் நடையை முடித்துத் திரும்பிவிட்டால், கழித்தால் நடை போய்விடும் என்று கணக்கிட்டு நாய் அடக்கிக்கொள்ளும். சிலாப்பில் பத்து நிமிடம் நின்றும் ஒன்றும் நடக்கவில்லையா, உள்ளே கூட்டி வந்து வாரின் முனையை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு வேலையைப் பாருங்கள். அது முகர்ந்துகொண்டே வட்டமடித்தால் உடனே கிளம்பலாம். இல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் மறுபடி போகலாம். தூங்கி எழுந்தவுடன், உண்ட கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள், விளையாடி முடித்தவுடன், நீங்கள் வேலைக்குக் கிளம்புமுன், படுக்கப் போகுமுன் என்று முதல் மாதம் நாளொன்றுக்கு ஏழெட்டு முறையாவது கூட்டிப்போக வேண்டியிருக்கும். பகலில் நீங்கள் இல்லாத மூன்றரை மணி நேரமும் மாமியாரின் கண்பார்வையில், தாழ்வாரத்தில் நிழலாகப் பார்த்து ஆறடிக் கயிற்றில் கட்டி வையுங்கள். நடுவில் ஒரு முறை அவரோ பக்கத்து வீட்டாரோ சிலாப்புக்குக் கூட்டிப்போனால் மிகவும் நல்லது.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிதாகப்படுகிறது. கருவாட்டில் எவ்வளவு உப்பு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எட்டு மணிக்கு உப்புச் சோற்றைப் போட்டுவிட்டு, ஆறு மணிக்கே தண்ணீரையும் எடுத்துவிட்டால், உடம்பிலுள்ள நீரைக் கொண்டே சிறுநீரகம் அந்த உப்பை வெளியேற்றியாக வேண்டும். நாய் நாவறண்டு கிடந்து, காலையில் ஒரு சட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு, முற்பகல் முழுவதும் கழித்துக்கொண்டிருக்கும். நம் பக்கத்து வெக்கையில் தண்ணீரை மறுப்பது ஆபத்தும்கூட. கருவாட்டையும் குழம்பையும் நிறுத்திவிட்டு, உப்பில்லாமல் வேகவைத்து முள் நீக்கிய மீனைச் சோற்றில் பிசைந்து மாலை ஆறு மணிக்குக் கொடுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால், நீங்கள் குடிப்பதற்கு வாங்கும் தண்ணீரிலேயே அதற்கும் ஊற்றுங்கள். விலைக்கு வாங்கும் ஊரில் இதைக் கேட்பது சிரமம் என்று அறிவேன், ஆனாலும் கேட்கிறேன்.

இரவில், நீங்கள் படுக்கும் அறையிலேயே உங்கள் பாய்க்கு எட்டும் தொலைவில் கட்டிப் படுக்க வையுங்கள். பத்து மணிக்கு ஒரு முறை சிலாப்புக்குப் போய் வந்து, ஒன்றரை மணிக்கு அலாரம் வைத்து இன்னொரு முறை கூட்டிப்போங்கள். ஒரு வாரம் முழுக்கப் படுக்கை காய்ந்தே இருந்தால் அலாரத்தைக் கால் மணி நேரம் தள்ளுங்கள். இப்படித் தள்ளித் தள்ளி விடியற்காலை வரை கொண்டுபோகச் சில மாதங்கள் ஆகலாம். உங்கள் தூக்கம் கெடும், அதை மறைக்க மாட்டேன்.

உங்கள் கணவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எப்போதோ கழித்ததற்கு இப்போது மூக்கைத் தேய்த்தால் அந்த இரண்டையும் நாயால் சேர்த்துப் பார்க்க முடியாது. மனிதர்கள் அருகில் இருக்கும்போது சிறுநீர் கழிப்பது ஆபத்து என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டால், வாரைப் பிடித்து நீங்கள் கொல்லையில் நிற்கும்போது கழிக்காது. உங்கள் முதுகு திரும்பியதும் கட்டிலடியில் கழிக்கும். உங்கள் கடற்கரை நடை வீணாவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். கையும் களவுமாகக் கண்டால்கூடக் கையைத் தட்டி ஓசை எழுப்பி, சிலாப்புக்குக் கூட்டிப்போனால் போதும்.

மாமியாரிடம் மூன்று மாதம் தவணை கேளுங்கள். கூண்டு, காப்பகம், உங்கள் வீடு என்று ஒன்றரை வயதுக்குள் மூன்று இடங்களைப் பார்த்துவிட்ட உயிர் அது. மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, எத்தனை மணிக்கு எங்கே கழித்தது என்று எழுதி வரச் சொல்லுங்கள். இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்தாலே அதன் நேரம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் மூன்று வயது நாய் கோடை முழுவதும் வெளியே போய்ப் பழகியிருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் வாசலைத் தாண்ட மறுத்து, படுக்கும் கூண்டிலேயே போய்விடுகிறது. இழுத்தாலும் வருவதில்லை.
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: இழுக்காதீர்கள். மழையோடு இழுபடுவதும் சேர்ந்தால் வாசற்படியே அதற்கு அச்சமாகிவிடும். நம் மாவட்டத்துக்கு ஆண்டின் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. அதே நாட்களில் காற்றும் இடியும் தீபாவளி வெடியும் சேர்ந்துகொள்கின்றன. அடுத்த ஆண்டு புரட்டாசியிலேயே வீட்டுச் சுவரை ஒட்டி, வாசலிலிருந்து நாலெட்டில், பனையோலைச் சார்ப்பு ஒன்று இறக்கி, கீழே ஒரு முழ உயரத்துக்கு மணல் கொட்டிவிடுங்கள். வெயில் நாட்களிலேயே நாய் அங்கே போய்ப் பழகிவிட்டால், மழையில் அந்த நாலெட்டு அதற்குப் பெரிதாக இராது. இந்த ஆண்டுக்கு, அது வழக்கமாகப் போகும் இடத்து மணலை ஒரு அகலமான பிளாஸ்டிக் தட்டில் நிரப்பித் தாழ்வாரத்தில் வைத்துப் பாருங்கள். மேல் மணலை நாள்தோறும் அள்ளிக் கொட்டிப் புது மணல் போட வேண்டும். இடிக்கு நடுங்கும் நாய் என்றால், இடி அடங்கிய இடைவெளியில் கூட்டிப்போவதே நல்லது.

கேள்வி: மூன்று மாதக் குட்டியைப் பகலில் ஆறு மணி நேரம் கூண்டில் விட்டுப் போகலாமா?
– வாசகி, தொண்டி

பதில்: கூடாது. அந்த வயதுக் குட்டியால் பகலில் மூன்று மணி நேரம், மிஞ்சினால் நான்கு மணி நேரம்தான் அடக்க முடியும். அதற்கு மேல் பூட்டி வைத்தால் படுக்கையிலேயே கழிக்கப் பழகி, மேலே எழுதிய உச்சிப்புளி நாயின் நிலைக்கு வந்துவிடும். இடையில் ஒரு முறையாவது வந்து வெளியே விட ஆள் ஏற்பாடு செய்யுங்கள். முடியாத நாட்களில், தடுப்பு வைத்த ஓர் அறையில் ஒரு மூலையில் படுக்கையும் எதிர்மூலையில் மணல் தட்டும் வைத்து, கூண்டின் கதவைத் திறந்தே விட்டுப் போங்கள்.