விலகுகிறவருக்கு எவ்வளவு?

வணக்கம்.

கல்லூரியிலிருந்தே பழகும் நாங்கள் மூவர் ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கப்போகிறோம். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று பேசி முடித்தாயிற்று. ஒருவர் முழுநேரமாக இறங்குகிறார். நானும் முழுநேரம்தான், கூடவே பணமும் போடுகிறேன். மூன்றாமவர் இப்போதைய வேலையை விடாமல் வாரக் கடைசியில் மென்பொருள் நிரல் (கோடு) எழுதித் தருவார். ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம் என்றால், "நமக்குள் எதற்கு?" என்கிறார்கள். வற்புறுத்தினால் நட்பு கெடுமோ என்று தயக்கம்.

கே.

அன்புள்ள கே.,

மூவரில் யார் முதலில் விலகுவார் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆகவே விலகுகிறவருக்கும் இருக்கிறவர்களுக்கும் நியாயமான விதியை இன்றைக்கு எழுதிவிடலாம். ஒருவர் கிளம்பப்போகிறார் என்று தெரிந்த பின் எழுத உட்கார்ந்தால், ஒவ்வொரு வரியும் அவருக்கு எதிராகவோ ஆதரவாகவோதான் படும். நண்பர்களிடம் இதை இப்படியே சொல்லிப் பாருங்கள்.

சமப் பங்கு தவறில்லை. அதை முதல் நாளே முழுதாகக் கொடுத்துவிடுவதில்தான் கோளாறு. வழக்கமான ஏற்பாடு வெஸ்டிங்: பங்கு 4 ஆண்டுகளில் உரிமையாகும், முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றும் கிடையாது (இதைக் கிளிஃப் என்பார்கள்). 12-ஆம் மாத முடிவில் கால் பங்கு மொத்தமாக வரும். அதன்பின் ஒவ்வொரு மாதமும் மொத்தத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பகுதி வரும்.

ஆளுக்கு 1,00,000 பங்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 8-ஆம் மாதத்தில் போனால் எதுவும் கிடைக்காது. 18-ஆம் மாதம் முடிந்து போனால் 37,500 அவருடையது, மீதி 62,500 முகமதிப்புக்கே (பங்குக்குக் குறித்த அடிப்படை விலைக்கே) நிறுவனத்துக்குத் திரும்பும். இங்கே பலர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். திரும்பிய பங்குகளை ரத்து செய்தால் மொத்தமே 2,37,500 ஆகிவிடும், அவர் கையில் இருப்பது 12.5 அல்ல, சுமார் 15.8 சதவீதம். ரத்து செய்யாமல் வருங்கால ஊழியர்களுக்கென்று ஒதுக்கிவைத்தால்தான் 12.5. இரண்டில் எது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வெஸ்டிங்கே இல்லாவிட்டால் வேலை செய்யாத ஒருவரிடம் மூன்றில் ஒரு பங்கு கிடக்கும். அதைப் பார்த்ததும் பின்வாங்கும் முதலீட்டாளர்கள் நிறைய.

நோயால் விலகினால், மற்ற இருவரும் சேர்ந்து வெளியேற்றினால், நிறுவனம் நடுவில் விற்கப்பட்டால் என்ன என்பதற்கும் தனித்தனி வரி வேண்டும். கசப்பு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் தொடங்கும்.

உங்கள் பணத்தை உழைப்புப் பங்கோடு கலக்காதீர்கள். அதைக் கடனாக எழுதுங்கள், அல்லது வெளி முதலீடு வரும்போது அதே விலையில் பங்காக மாறும் என்று எழுதுங்கள். "நான்தானே பணம் போட்டேன்" என்ற நினைப்பு வாயில் வராவிட்டாலும் கூட்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வாரக்கடைசி நண்பர் விஷயம்தான் ஆபத்தானது. வேலையில் இருக்கும்போது எழுதும் கோடு முதலாளிக்கே சொந்தம் என்று பல வேலை ஒப்பந்தங்களில் இருக்கும், சொந்த நேரத்தில் எழுதினாலும் கூட. முதலில் அவருடைய ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். தேவையென்றால் எழுத்தில் அனுமதி பெறட்டும், அலுவலக மடிக்கணினியைத் தொடவே வேண்டாம். அவருக்கான 48 மாதம் முழுநேரமாகச் சேரும் நாளிலிருந்துதான் ஓட வேண்டும். அதற்கு ஒரு கடைசித் தேதி குறித்து, தாண்டினால் என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூவரும் எழுதும் எல்லாமே நிறுவனத்துக்குச் சொந்தம் என்று கையெழுத்துப் போடுங்கள். டொமைன், சர்வர், ஆப் ஸ்டோர் கணக்கு எதுவும் ஒருவருடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கக் கூடாது.

பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். பதியாமல் சேர்ந்து தொழில் செய்தால் பல நாடுகளில் சட்டம் அதைக் கூட்டாண்மையாகவே பார்க்கும், தொழிலின் கடன் ஒவ்வொருவர் சொத்தையும் தொடும். 1976 ஏப்ரல் 1-இல் ஆப்பிள் கூட்டாண்மையாகத்தான் தொடங்கியது: ஜாப்ஸுக்கும் வோஸ்னியாக்குக்கும் தலா 45 சதவீதம், இருவரும் முரண்பட்டால் தீர்த்துவைக்க ரொனால்ட் வேனுக்கு 10. மூவரில் இழக்கச் சொத்து வைத்திருந்தவர் வேன்தான். 12 நாளில் விலகினார், பங்குக்குக் கிடைத்தது 800 டாலர். அவரைக் கேலி செய்வது எளிது. கூட்டாண்மைக் கடன் என்றால் என்ன என்று புரிந்தவர் அவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மூவரில் அந்த இடம் பணம் போடும் உங்களுக்கு.

கடைசியாக, ஒப்பந்தத்துக்கு முன் செய்ய ஒன்று. ஆளுக்கொரு தாளில், சம்பளமே இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும் என்று ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதுங்கள். பிறகு தாள்களை ஒன்றாகப் பிரித்துப் பாருங்கள். மிகச் சிறிய எண் 6 என்றால் 12 மாதத் திட்டம் போடாதீர்கள். போட்டே ஆகவேண்டுமென்றால், 7-ஆம் மாதத்திலிருந்து அவருக்கு மட்டும் சம்பளம், எவ்வளவு, யார் பணத்திலிருந்து என்பதை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.