கேள்வி பதில்: யுனெஸ்கோ பலகையும் பாசி எடுக்கும் கைகளும்

(ஒரே பொருள் பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் சேர்த்தே விடையளித்துள்ளோம்.)

‘உலகப் பாரம்பரியக் களம்’, ‘உயிர்க்கோளக் காப்பகம்’, ‘ஜியோபார்க்’ என்று செய்தித்தாள்களில் மூன்று பெயர்கள் மாறி மாறி வருகின்றன. மூன்றும் ஒன்றுதானா?
— வாசகர், கோயம்புத்தூர்

மூன்றையும் வழங்குவது யுனெஸ்கோதான். ஆனால் ஒவ்வொன்றும் கேட்கும் கேள்வி வேறு. உலகப் பாரம்பரியப் பட்டியல், 1972ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ் நாடுகள் சட்டப்படி பொறுப்பேற்றுக்கொள்வது. உலகில் இதற்கு ஈடாக வேறொன்று உண்டா என்பதே அங்கு முதற்கேள்வி. உங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, 39 தனித்தனிப் பகுதிகளாக 2012இல் அதில் இடம்பெற்றது.

உயிர்க்கோளக் காப்பகம், 1971இல் தொடங்கிய ‘மனிதனும் உயிர்க்கோளமும்’ திட்டத்தில் பிறந்தது. நடுவில் கண்டிப்பாகக் காக்கப்படும் மையப்பகுதி, அதைச் சுற்றி ஓர் இடைப்பகுதி, அதற்கும் வெளியே மக்கள் குடியிருந்து தொழில் செய்யும் புறப்பகுதி என்று மூன்று வளையங்களாக அதை வகுப்பார்கள். மக்களை வெளியேற்றாமல் இயற்கையைக் காக்க முடியுமா என்பதுதான் இங்கு கேள்வி. நீலகிரி 2000இலும், மன்னார் வளைகுடா 2001இலும், அகத்தியமலை 2016இலும் இந்த உலக வலையமைப்பில் சேர்ந்தன.

ஜியோபார்க் எனப்படும் புவிப்பூங்கா மூன்றிலும் இளையது. அரிய பாறைகளும் புதைபடிவங்களும் உள்ள நிலப்பரப்பை ஊர் மக்களோடு சேர்ந்து பேண முடியுமா என்பது இதன் கேள்வி. பிரான்ஸ், கிரீஸ், ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் ஒவ்வொன்றாக நான்கு இடங்கள் 2000இல் கைகோத்துத் தொடங்கிய அமைப்பு வளர்ந்து, 2015இல் யுனெஸ்கோவின் முறையான திட்டமாயிற்று. ஓரிடம் மூன்று தகுதிகளையும் பெறலாம். தென்கொரியாவின் ஜேஜு தீவு 2002இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும், 2007இல் உலகப் பாரம்பரியக் களமாகவும், 2010இல் புவிப்பூங்காவாகவும் ஏற்கப்பட்டது.

மன்னார் வளைகுடா உலகப் புகழ்பெற்ற காப்பகம் என்கிறார்கள். கரையில் நாங்கள் காண்பதோ ‘இறங்காதே, எடுக்காதே’ என்ற பலகைகள்தான். இந்தப் பட்டத்தால் கடலை நம்பி வாழ்பவனுக்கு என்ன கிடைத்தது?
— வாசகர், கீழக்கரை

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது செல்ல வேண்டிய முகவரி யுனெஸ்கோ அன்று. காப்பகம் என்ற தகுதியோடு சட்டமும் வருவதில்லை, பணமும் வருவதில்லை. நீங்கள் காணும் தடைகள் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்தும், 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவிலிருந்தும் வருபவை.

அந்தத் தடைகள் எல்லாமே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி வள்ளம் வள்ளமாகக் கரையேற்றிய காலம் ஒன்று இருந்தது. அலையின் வேகத்தைத் தாங்கி உடைத்த அந்தப் பாறைகள் போனபின், பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. அரிப்பால் சுருங்கி வந்த வான்தீவைக் காக்கச் செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. பவளம் எடுப்பதை 2001இல் சட்டம் முற்றாகத் தடுத்திராவிட்டால், மீன் குஞ்சு பொரித்து வளரும் இடங்களில் இன்னும் எத்தனை போயிருக்கும் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பட்டத்தின் பயன் மறைமுகமானது. வெளி நிதி கேட்கும்போது, ஊரில் குழு அமைக்கும்போது, புறப்பகுதி மக்களின் பிழைப்பையும் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை அது ஏற்படுத்துகிறது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியாக 2002இல் தொடங்கிய பணியும், தமிழக அரசு அமைத்த காப்பக அறக்கட்டளையும், கரையோரக் கிராமங்களில் குழுக்கள் அமைத்து மாற்றுத் தொழிலுக்குச் சுழல்நிதிக் கடன் கொடுத்தது அந்த வழியில்தான். அது போதுமா என்றால், போதாது என்பதே என் கருத்து.

ஏன் போதாது என்பதைப் பாசி எடுக்கும் பெண்களிடம் காணலாம். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, சிலர் பாதத்தில் உலோகத் தட்டைத் துடுப்பாகக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி, இடுப்பில் கட்டிய பையில் சேர்க்கிறார்கள். நோன்புக் காலத்தில் உங்கள் ஊர் வீடுகளில் ‘கடற்பாசி’ என்ற இனிப்பைக் காய்ச்சப் பயன்படும் அகர் என்ற உறைபொருள் இத்தகைய பாசிகளிலிருந்துதான் கிடைக்கிறது. இராமநாதபுரம் கரையில் இந்தப் பெண்கள் தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாள்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். மற்ற நாள்களில் பாசி வளரட்டும் என்பது அவர்கள் கணக்கு. இருந்தும் நல்ல பாசி விளைவது தீவுகளைச் சுற்றிய மையப்பகுதியில் என்பதால், அங்கே போனால் இவர்களே குற்றவாளிகள் ஆகிறார்கள்.

ஜேஜு தீவிலும் ‘ஹேன்யோ’ எனப்படும் பெண்கள், காற்றுக் குடுவை இல்லாமல் மூச்சடக்கி மூழ்கிச் சங்கும் சிப்பியும் பாசியும் எடுக்கிறார்கள். எந்தப் பருவத்தில் இறங்கலாம், எந்த அளவுக்குச் சிறியதை விட்டுவிட வேண்டும் என்பதை ஊர்ச் சங்கமே முடிவு செய்கிறது. அந்தப் பண்பாட்டை யுனெஸ்கோ 2016இல் மானுடத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. ஏறத்தாழ ஒரே தொழில், ஒரே ஒழுங்கு. அங்கே மரியாதை, இங்கே அபராதம். காப்பகத்தின் திட்டத்தில் இந்தப் பன்னிரண்டு நாள் கணக்கையும் ஓர் ஏற்பாடாக எழுதிச் சேர்த்தால்தான், உங்கள் கேள்விக்கு நான் தயங்காமல் விடை சொல்ல முடியும்.

எங்கள் மாவட்டத்தில் சாத்தனூர்க் கல்மரம் இருக்கிறது. அதற்குப் புவிப்பூங்காத் தகுதி கிடைக்குமா? கிடைத்தால் ஊர் முன்னேறுமா?
— கல்லூரி மாணவி, பெரம்பலூர்

கடல் இருந்த இடத்தில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்து கல்லாகி, பதினெட்டு மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் அந்த மரம் அரிய பொருள்தான். ஆயினும் கம்பி வேலிக்குள் கிடக்கும் ஒரே ஒரு பொருளுக்குப் புவிப்பூங்காத் தகுதி தருவதில்லை. எல்லை வரையப்பட்ட ஒரு முழு நிலப்பரப்பு வேண்டும். உலக முக்கியத்துவம் உடைய பாறைகளோ புதைபடிவங்களோ அதில் இருக்க வேண்டும். அதை நிர்வகிக்கச் சட்டப்படி அமைந்த ஓர் அமைப்பும், ஊர் மக்களின் பங்கும் வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே குறைந்தது ஓராண்டாவது புவிப்பூங்காவாக இயங்கிக் காட்டியிருக்க வேண்டும். உலகில் 2025இல் 50 நாடுகளில் 229 புவிப்பூங்காக்கள் இருந்தன. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை.

அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியைச் சேர்த்துப் பார்த்தால் நிலப்பரப்புக்குக் குறைவில்லை. சிமென்ட் ஆலைகளுக்காகத் தோண்டிய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களே கடலுயிர்ப் புதைபடிவங்களைப் பக்கம் பக்கமாகத் திறந்து காட்டுகின்றன. புவிப்பூங்காத் தகுதி, நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் தொழிலைத் தானாக நிறுத்துவதுமில்லை. ஆனால் புதைபடிவங்களை விற்கும் வணிகத்தில் புவிப்பூங்கா நிர்வாகம் நேரடியாக ஈடுபடக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

பிறகு ஊர் எதை விற்கும் என்று நீங்கள் கேட்கலாம். ஜேஜுவில் எரிமலைப் பாறை அடுக்குகளின் வடிவத்தில் ரொட்டி சுட்டு விற்கிறார்கள். தங்கும் வீடுகளுக்குப் புவிப்பூங்காவின் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அங்குள்ள மன்ஜாங் எரிமலைக் குகையின் நீளம் ஏழு கிலோமீட்டருக்கு மேல். பொதுமக்கள் பார்க்கவென ஒதுக்கியது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் மட்டுமே. பார்க்க வருபவர்களின் செலவு ஊருக்குள் தங்குகிறது, குகையும் கெடுவதில்லை. சாத்தனூரில் இன்று ஒருவர் பேருந்திலிருந்து இறங்கினால், கல்மரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவார். அவரை ஒரு வேளைச் சாப்பாட்டுக்காவது ஊரில் நிறுத்தி, இங்கே கடல் இருந்த கதையைச் சொல்ல வல்ல பத்து இளைஞர்களைத் தயார் செய்வதே முதல் வேலை. விண்ணப்பம் அதற்குப் பிறகு வரட்டும்.

கொடுத்த பட்டத்தைத் திரும்பப் பெறுவார்களா?
— வாசகர், தஞ்சாவூர்

பெறுவார்கள். ஓமன் நாட்டில் அரேபிய ஓரிக்ஸ் மான்களின் சரணாலயப் பரப்பில் 90 விழுக்காட்டை அரசு குறைத்துவிட்டதால், உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து 2007இல் அது நீக்கப்பட்டது. உயிர்க்கோளக் காப்பகங்களைப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்கிறார்கள். அமெரிக்கா 2017இல் தன் காப்பகங்களில் 17ஐத் தானே விலக்கிக்கொண்டது. புவிப்பூங்காக்களின் விதிதான் மிகக் கடுமை. நான்காண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வாளர்கள் நேரில் வருவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை அட்டை. குறை இருந்தால் மஞ்சள் அட்டையோடு இரண்டாண்டு அவகாசம். அதற்குள்ளும் திருந்தாவிட்டால் சிவப்பு அட்டை, பட்டம் போயிற்று. அவர்கள் பாறையை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை, உள்ளூர்ப் பள்ளியையும் கடைக்காரரையும் விடுதி நடத்துபவரையும் கூடச் சந்தித்துக் கேட்கிறார்கள்.