கலேக்கு ஒரு நாள் போய் வரலாமா? ஊரைவிட விசாவை முதலில் பாருங்கள்

கேள்வி: நானும் மனைவியும் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறோம். இந்திய பாஸ்போர்ட், வேலை விசா. ஜூனில் அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து விசிட் விசாவில் வருகிறார்கள். அம்மாவுக்குக் கப்பலில் போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. டோவரிலிருந்து ஃபெர்ரியில் பிரான்சின் கலேக்குப் போய் அன்றே திரும்பலாமா என்று யோசிக்கிறோம். நண்பர்கள், ‘அங்கே லாரியும் முள்வேலியும்தான் இருக்கிறது, போகாதே’ என்கிறார்கள். இங்குள்ள ஓர் ஏஜென்ட், ‘போன அன்றே திரும்பினால் விசா தேவையில்லை’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். கலே ஒரு நாள் செலவழித்துப் பார்க்கத் தகுந்த ஊர்தான். ஆனால் அந்த ஒரு நாளுக்காக மட்டும் நான்கு பேருக்குப் புதிதாக விசா எடுக்காதீர்கள்.

முதலில் ஏஜென்ட் சொன்னது. அது பச்சைப் பொய். பிரான்சில் ஒரு மணி நேரம் இறங்கினாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். கப்பலில் போனாலும், ரயிலில் போனாலும், பஸ்ஸில் உட்கார்ந்தே போனாலும் இதே விதிதான். இந்த வதந்தி எங்கிருந்து வருகிறது என்றால், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ள பக்கத்து வீட்டுக்காரர் விசா இல்லாமல் போய் வருவார். அதைப் பார்த்து எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பிரெஞ்சு எல்லைப் போலீஸ் உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்ப்பது கலேயில் இல்லை, டோவரிலேயே. 2003-இல் இரண்டு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, போகும்போது பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலாந்து மண்ணிலும், திரும்பும்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் கலேயிலும் சோதிக்கிறார்கள். விசா இல்லாமல் போனால் அம்மா கப்பலைக் கரையிலிருந்துதான் பார்ப்பார். டிக்கெட் பணத்தை ஏஜென்ட் திருப்பித் தரப்போவதில்லை.

சரி, ஊரைப் பற்றி. கலேக்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பழைய நகரம் பெரும்பாலும் குண்டுவீச்சில் அழிந்துபோனது. அதன் பிறகு அவசரமாகக் கட்டிய கட்டிடங்கள் கண்ணுக்கு இனிமையாக இல்லை. துறைமுகச் சாலை முழுக்க உயரமான வேலி. அகதிகள் தங்கியிருந்த பெரிய முகாமை 2016-இல் கலைத்தார்கள். இன்றும் ஊர் ஓரங்களில் கூடாரம் போட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். பார்த்தால் மனம் கனக்கும். ஆனால் அவர்களால் உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. அதைச் சொல்லி அப்பா அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம்.

நகர மண்டபத்துக்கு நேராகப் போங்கள். செங்கல்லில் கட்டிய பெரிய கட்டிடம், மேலே மணிக்கூண்டு. வடக்கு பிரான்ஸ், பெல்ஜியம் மணிக்கூண்டுகளோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் 2005-இல் இடம்பெற்றது. லிஃப்ட் இருக்கிறது; முழங்கால் வலி உள்ளவர்களும் மேலே போய்க் கடலைப் பார்க்கலாம். அதன் முன்னால் தோட்டத்தில் பிரெஞ்சுச் சிற்பி ரொதானின் ‘கலே நகரத்தார்’ சிலை நிற்கிறது. 1347-இல் பதினொரு மாத முற்றுகைக்குப் பிறகு ஊர் பட்டினியில் விழுந்தது. ஊர் மக்களைக் கொல்லாமல் விட வேண்டுமானால் முக்கியஸ்தர்கள் ஆறு பேர் கழுத்தில் சுருக்குக் கயிற்றோடு, சாவிகளைக் கையில் ஏந்தி வரவேண்டும் என்றான் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வர்ட். சாகத் தயாராக ஆறு பேர் போனார்கள். அரசி பிலிப்பா கெஞ்சியதால் உயிர் பிழைத்தார்கள் என்பது கதை.

சிலையை எட்ட நின்று போட்டோ எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கத்தில் போய்க் கைகளைப் பாருங்கள். ஒருவர் பெரிய சாவியை இறுக்கிப் பிடித்திருக்கிறார். உதடு மூடி, தாடை இறுகியிருக்கிறது. இன்னொருவர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறார். பாதங்கள் உடம்புக்கு மீறிய பெரிசு, தரையோடு ஒட்டிப்போனவை போல. ஆறு பேரில் ஒருவர்கூட வீரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நிற்கவில்லை. 1895-இல் திறந்துவைத்தார்கள். இதன் வார்ப்புகள் லண்டனிலும் பாரிஸிலும் உண்டு என்றாலும், அந்த மனிதர்களின் சொந்த ஊரிலேயே பார்ப்பதற்குத் தனி அர்த்தம் இருக்கிறது. இந்தச் சிலைக்காக மட்டுமே நான் கலேயைச் சிபாரிசு செய்வேன்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் லேஸ் அருங்காட்சியகம், ஒரு பழைய ஆலையில். அம்மா தையல், பின்னல் தெரிந்தவர் என்றால் அவரைக் கிளப்பிக் கொண்டுவருவது கஷ்டம். 1816-இல் நாட்டிங்ஹாம்காரர்கள் லேஸ் தறியைக் கள்ளத்தனமாக இங்கே கடத்தி வந்ததிலிருந்துதான் இந்த ஊரின் தொழில் பிறந்தது. பல டன் எடையுள்ள இரும்புத் தறியை ஓட்டியும் காட்டுகிறார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மெல்லிய பூவேலைப்பாடு இறங்கிவருவதைப் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், அன்று போகாதீர்கள். கடற்கரை விரிந்த மணல். கப்பல்கள் வெகு கிட்டத்தில் கடந்து போகும். 2019-இல் வந்த 25 மீட்டர் நீள இயந்திர டிராகன் அங்கே புகைவிட்டுக்கொண்டு நடக்கும், ஏறிச் சவாரியும் செய்யலாம். ஊர் பஸ்ஸில் 2020 முதல் கட்டணமே இல்லை. கார் இருந்தால் மேற்கே பிளான்-நே குன்றுக்குப் போங்கள், வானம் தெளிந்திருந்தால் எதிரே இங்கிலாந்தின் வெள்ளைப் பாறைகள் தெரியும்.

இனி விசா. இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

உங்களிடம் ஏற்கெனவே ஷெங்கன் விசா இருந்தால், ஸ்டிக்கரில் எத்தனை நுழைவு என்ற கட்டத்தைப் பாருங்கள். ‘மல்ட்’ என்றிருந்தால் கவலையே இல்லை, கிளம்புங்கள். ‘1’ என்றிருந்தால் நில்லுங்கள். கலேக்குப் போய் மாலையில் டோவர் திரும்பிய நிமிஷத்தில் அந்த விசா தீர்ந்துபோயிற்று. அதில் இன்னும் இருபது நாள் தேதி பாக்கி இருக்கலாம். அதற்கு மதிப்பே கிடையாது. அடுத்த வாரம் பாரிஸுக்கு ரயில் டிக்கெட் வாங்கி வைத்துவிட்டு, கலேயில் ஒரு பகல் சுற்றிப் பார்த்து எல்லாவற்றையும் இழந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். தேதியைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், கட்டத்தைப் பார்ப்பதில்லை. ஒரே நுழைவு விசா என்றால் வழி ஒன்றுதான்: கப்பலில் கலேக்குப் போய் ஓர் இரவு தங்கி, அங்கிருந்தே ரயிலில் பாரிஸ் போய்விட்டு, கடைசியில் ஒரே தடவையாக லண்டன் திரும்புங்கள்.

புதிதாக எடுப்பதானால் பெரியவர்களுக்குத் தலைக்கு 90 யூரோ. நான்கு பேருக்கு 360 யூரோ. விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், இன்ஷூரன்ஸ் தனி. வருஷக்கணக்காக வரி கட்டி இங்கே குடியிருக்கிறவர்களுக்கும் ஒற்றை நுழைவு விசாவை ஒட்டிக் கொடுக்கிறார்கள். அதே ஆள் ஆறு மாதம் கழித்து மறுபடி வங்கிக் கணக்கையும் வேலைக் கடிதத்தையும் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும். இதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அப்பா அம்மா விஷயம் வேறு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் தவறு நடக்கும். நீங்களும் மனைவியும் பிரிட்டனில் வசிப்பவர்கள், அதனால் லண்டனிலேயே விண்ணப்பிக்கலாம். அப்பா அம்மா வசிப்பவர்கள் இல்லை, வந்து போகிறவர்கள். ஷெங்கன் விதிப்படி ஒருவர் தான் வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ‘இங்கே வந்தபிறகு பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிட்டால், ‘ஏன் ஊரிலேயே எடுக்கவில்லை’ என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம் என்று விதியில் ஓர் இடுக்கு இருக்கிறது. மகனோடு கப்பலில் போக ஆசை என்பதை அப்படிப்பட்ட காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன், சென்னையில் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் எடுத்துக்கொள்வார்கள். பிரிட்டன் விசா கைக்கு வந்ததும், அந்த நகலையும் உங்கள் அழைப்புக் கடிதத்தையும் வைத்துப் போடச் சொல்லுங்கள். பிரிட்டன் விசாவுக்கு பாஸ்போர்ட் உள்ளே இருக்கும்போது பிரான்சுக்குக் கொடுக்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது, நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று ஒரு கூட்டம் வரும். பிரான்சின் அதிகாரபூர்வ விசா தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அது அனுப்பும் மையத்தில் நேரம் எடுப்பதற்குத் தரகர் தேவையில்லை. கோடை வந்தால் நேரங்கள் மளமளவென்று தீர்ந்துபோகும், பிறகு அதே நேரங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் விலைக்கு வரும். இதை நிறுத்த வேண்டியவர்கள் ஏன் நிறுத்தவில்லை என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் பாஸ்போர்ட் விவரத்தை அந்த ஆட்களிடம் கொடுக்காதீர்கள். ‘விசா உறுதி’ என்று சொல்கிறவரைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த உறுதி தூதரகத்தைத் தவிர யார் கையிலும் இல்லை. ‘ஒரு நாள் பிரான்ஸ்’ பஸ் டூர்களிலும் கவனம். சில டூர்களில், கடலுக்கடியில் இங்கிலாந்து போகும் சுரங்க ரயிலின் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடை வளாகத்தில் இறக்கிவிட்டு, நான்கு மணி நேரம் கழித்து ஏற்றிக்கொள்வார்கள். சிலையும் பார்க்க மாட்டீர்கள், கடலும் பார்க்க மாட்டீர்கள். எங்கே இறக்குவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

கப்பல் டிக்கெட்டில் ஒன்று. கார் இல்லாமல் போகிறீர்கள் என்றால் எல்லாக் கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள், நடைப் பயணிகளை ஏற்றும் நேரமா என்று பார்த்து எடுங்கள். மலிவாக இருக்கிறதே என்று, டன்கிர்க் என்ற வேறு பிரெஞ்சுத் துறைமுகத்துக்குப் போகும் கப்பலைப் பிடிக்காதீர்கள். அதில் கார் இல்லாதவர்களுக்கு இடமில்லை, துறைமுகமும் ஊரைவிட்டு வெகு தூரம். பயணம் ஒன்றரை மணி நேரம், அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால். காலை முதல் கப்பல்களில் ஒன்றைப் பிடித்தால்தான் பகல் மிஞ்சும். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் விரல்ரேகை, முகப் பதிவும் வந்துவிட்டது, வரிசைக்கு நேரம் விடுங்கள். திரும்பி வரத் தடங்கல் வராமல் இருக்க, உங்கள் பிரிட்டன் இ-விசா (ஆன்லைனில் இருக்கும் விசாப் பதிவு) இப்போதைய பாஸ்போர்ட்டோடு இணைந்திருக்கிறதா என்று கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். கலேயில் இறங்கியதும் பெரியவர்களை நடத்திக் கூட்டிப்போகாமல் டாக்சி பிடியுங்கள்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவீர்கள், தெரியும். புளியோதரை சரி. தயிர்சாதமும் சிக்கனும் வேண்டாம். பிரிட்டனிலிருந்து இறைச்சி, பால் பொருட்களை எடுத்துப்போக ஐரோப்பிய ஒன்றியம் விடுவதில்லை. திரும்பும்போது சீஸ் வாங்கி வரும் ஆசையும் வேண்டாம், அதற்கு 2025 ஏப்ரலில் பிரிட்டன் தடை போட்டது. அப்புறம் கடற்கரைக் கடைகளில் விற்கும் உருளைக்கிழங்கு வறுவல். வடக்கு பிரான்சில் அதை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம். அப்பா அம்மா சைவம் என்றால் எந்த எண்ணெய் என்று கேட்காமல் வாங்கித் தராதீர்கள்.

ஜூனுக்குள் சென்னையில் விசா கிடைக்கவில்லை என்றாலும் அம்மாவின் ஆசை தள்ளிப்போக வேண்டியதில்லை. போர்ட்ஸ்மத்திலிருந்து வைட் தீவுக்குக் கார் ஃபெர்ரி போகிறது, முக்கால் மணி நேரக் கடல் பயணம். பிரிட்டனுக்குள்ளேயே என்பதால் விசா, எல்லைச் சோதனை எதுவும் கிடையாது. காரை உள்ளே விட்டுவிட்டு மேல் தளத்துக்குப் போனால், போர்க்கப்பல்கள் நிற்கும் துறைமுக வாயைத் தாண்டித்தான் வெளியே வருவீர்கள். சனிக்கிழமையைத் தவிர்த்து வார நாளில் எடுத்தால் டிக்கெட்டும் குறைவாக இருக்கும்.