சதுர மானிட்டரும் புதிய கிராபிக்ஸ் கார்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: படுக்கை விரிப்புகளுக்கு ஜக்கார்டு டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். பல ஆண்டுகளாக ஒரே 19 அங்குலச் சதுர மானிட்டரில்தான் வேலை செய்கிறேன். சென்ற மாதம் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள புதிய கம்ப்யூட்டர் வாங்கினேன். கார்டின் பின்புறம் ஓர் எச்.டி.எம்.ஐ. துளையும் மூன்று டிஸ்ப்ளே போர்ட் துளைகளும் உள்ளன. மானிட்டரிலோ நீல நிற வி.ஜி.ஏ. ஒன்றுதான். ஈரோட்டில் ஒரு கடையில் ஒரு முனை எச்.டி.எம்.ஐ., மறுமுனை வி.ஜி.ஏ. என்று ஒரு கேபிளைக் கொடுத்து, “போட்டா வந்துருமுங்க” என்றார்கள். போட்டேன், “நோ சிக்னல்” என்பதுதான் வந்தது. பழுது கார்டிலா, மானிட்டரிலா? மானிட்டரை மாற்ற எனக்கு மனமில்லை. (வாசகர், சென்னிமலை)

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் பழுது இல்லை. “நோ சிக்னல்” என்று திரையில் எழுத முடிகிற மானிட்டருக்கு விளக்கும் திரையும் நன்றாகவே இருக்கின்றன. குறை அந்தக் கேபிளில்தான் இருக்க வேண்டும்.

வி.ஜி.ஏ. என்பது 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பி.எஸ்./2 கம்ப்யூட்டர்களுடன் கொண்டுவந்த முறை. அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பிகளில், 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் மின்னழுத்தமாகச் செல்கின்றன. வாய்க்காலில் நீர்மட்டம் உயர்ந்து தாழ்வதைப் போன்றது இது. இதைத்தான் அனலாக் என்பார்கள். எச்.டி.எம்.ஐ.யும் டிஸ்ப்ளே போர்ட்டும் அப்படி அனுப்புவதில்லை. தறியில் எந்த நூல் மேலெழ வேண்டும் என்று சொல்லும் உங்கள் ஜக்கார்டு அட்டையில் ஓரிடத்தில் துளை இருக்கும், அல்லது இருக்காது. இடைப்பட்ட நிலை என்று ஒன்று கிடையாது. புதிய கார்டு அனுப்புவதும் அவ்வகை எண் குறிப்புகளே, அதாவது டிஜிட்டல் சிக்னல். ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஒரு சிப் வேண்டும். வெறும் கம்பியால் அது ஆகாது.

முன்பெல்லாம் அந்த மாற்றும் சிப் கிராபிக்ஸ் கார்டுக்குள்ளேயே இருந்தது. ஏ.எம்.டி. 2013-இல் வெளியிட்ட ஆர்9 290 கார்டுகளிலும், என்விடியா 2016-இல் தொடங்கிய ஜி.டி.எக்ஸ். 1000 வரிசையிலும் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே இன்றைய கார்டுக்கு வெளியே ஒரு கன்வெர்ட்டர் கட்டாயம் தேவைப்படுகிறது. சிப் மிகச் சிறியது. கேபிளின் முனைக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதால், வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து அது உண்டா இல்லையா என்று தீர்மானிக்க முடியாது. உறையில் “ஆக்டிவ்” என்று போட்டிருப்பதைப் பார்த்து, கடையிலேயே ஒரு வி.ஜி.ஏ. மானிட்டரில் செருகிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு தவறும் அடிக்கடி நேர்கிறது. வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் கருவியும் அதே அலமாரியில், ஏறக்குறைய அதே தோற்றத்தில் இருக்கும். அது பழைய கம்ப்யூட்டரைப் புதிய டிவியில் இணைப்பதற்கானது; திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. உங்களுக்கு வேண்டியதில் கார்டில் செருகும் ஆண் முனை ஒருபுறமும், உங்கள் பழைய நீலக் கேபிளின் ஊசிகள் நுழையும் 15 துளைகள் மறுபுறமும் இருக்கும்.

எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளே போர்ட் இரண்டில் எதிலிருந்து மாற்றுவது என்று கேட்டால், நான் டிஸ்ப்ளே போர்ட்டையே சொல்வேன். கன்வெர்ட்டரின் சிப்புக்கு மின்சாரம் வேண்டும். எச்.டி.எம்.ஐ. துளை 5 வோல்ட்டில் 55 மில்லி ஆம்பியர் அளவுக்கே உறுதி தருகிறது. அது போதாதபோது படம் விட்டுவிட்டு வரும். அதனால்தான் சில எச்.டி.எம்.ஐ. கன்வெர்ட்டர்களில் யு.எஸ்.பி. மூலம் தனியாக மின்சாரம் கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள். டிஸ்ப்ளே போர்ட் 3.3 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வரை தருவதால் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் கார்டில் அது மூன்று இருக்கிறது.

படம் வந்தபின் இரண்டு வேலைகள் உண்டு. உங்கள் தொழிலில் இவற்றை விட்டுவிடக் கூடாது. முதலாவதாக, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அளவு 1280 × 1024, வேகம் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பதிலாக 1024 × 768 என்று வந்திருந்தால், உங்கள் மானிட்டர் அந்தப் படத்தை அகலத்தில் 1.25 மடங்கும் உயரத்தில் 1.33 மடங்கும் இழுத்துக் காட்டும். சதுரமாக இருக்க வேண்டிய கட்டம் சற்றே நெட்டையாகிவிடும். பார்வைக்கு அது பிடிபடாமல் போகலாம், ஆனால் திரையை நம்பிப் பூவின் அளவை முடிவு செய்கிறவருக்கு விரிப்பில் அது தெரிந்துவிடும். 1280 × 1024 பட்டியலிலேயே இல்லையென்றால் நீலக் கேபிளின் ஊசிகளைப் பாருங்கள். மானிட்டர் தன் அளவைச் சொல்வது 12, 15 ஆகிய ஊசிகளின் வழியாகத்தான். அவற்றில் ஒன்று வளைந்திருந்தாலும் கார்டுக்குச் செய்தி போகாது. 9-ஆம் ஊசி மட்டும் பல கேபிள்களில் செய்யும்போதே இருக்காது. அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

இரண்டாவதாக, மானிட்டரில் உள்ள “ஆட்டோ” பொத்தானை அழுத்துங்கள், ஆனால் வெறும் டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு அல்ல. உங்கள் டிசைன் மென்பொருளில் சாதா நெசவுக் கட்டத்தை, பாவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி, ஊடைக்கு ஒரு வெள்ளைப் புள்ளி என்று மாறிமாறி, திரை முழுவதும் நிரப்பிவிட்டு அழுத்துங்கள். அனலாக் சிக்னலில் புள்ளியின் இடம் இம்மியளவு பிசகினாலும் அந்தக் கட்டத்தில் நெளியும் பட்டைகளாகத் தெரிந்துவிடும். மானிட்டர் தன்னைச் சரிசெய்துகொண்டு பட்டைகள் மறைந்து, திரை ஒரே சீரான சாம்பல் நிறமாக நின்றால் இணைப்பு சரியாக அமைந்துவிட்டது என்று பொருள். நிற்காவிட்டால் மெனுவில் “பேஸ்” என்பதை ஒவ்வொரு எண்ணாக நகர்த்திப் பாருங்கள்.

கேள்வி: என் பழைய மானிட்டரில் நீலத் துளைக்குப் பக்கத்தில் வெள்ளை நிறத்தில் பெரிய துளை ஒன்றும் இருக்கிறது. அதற்கும் கன்வெர்ட்டர் வேண்டுமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: வேண்டாம், உங்களுக்கு வேலை எளிது. அது டி.வி.ஐ. துளை. எச்.டி.எம்.ஐ.யும் டி.வி.ஐ.யும் படத்தை ஒரே வகையான டிஜிட்டல் சிக்னலாக அனுப்புவதால், சிப் இல்லாத சாதாரண எச்.டி.எம்.ஐ.–டி.வி.ஐ. கேபிளே போதும், படமும் வி.ஜி.ஏ.வைவிடத் தெளிவாக இருக்கும்.

கேள்வி: கார்டில் வி.ஜி.ஏ. இல்லை, ஆனால் மதர்போர்டில் இருக்கிறது. அதில் செருகிக்கொள்ளலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பிராசசருக்குள் கிராபிக்ஸ் இருந்தால் செருகலாம். பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் அது கிடையாது. அவற்றில் அந்த நீலத் துளை வெறும் அலங்காரம்தான். உள்ளே கிராபிக்ஸ் இருந்தும் படம் வரவில்லையென்றால், தனிக் கார்டைக் கண்டதும் மதர்போர்டு அந்த உள் கிராபிக்ஸை அணைத்து வைத்திருக்கக் கூடும். பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) சென்று அதை இயக்கிவிடுங்கள். ஆனால் அந்தத் திரைக்குப் படத்தை அனுப்புவது உள் கிராபிக்ஸ்தான் என்பதால், கார்டை நம்பி வாங்கிய வேலைகளுக்கு இன்னொரு மானிட்டரைக் கார்டில் இணைத்துக்கொண்டு, பழையதைக் கணக்கு, மின்னஞ்சல் போன்றவற்றுக்கான இரண்டாம் திரையாக வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.